நிறுத்த இடம் இல்லாத கப்பல்

எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பழைய பயணிகள் கப்பலைக் கடலில் மூழ்கடிக்கப் போகிறார்களாமே, அமெரிக்காவிடம் இல்லாத பணமா, ஒரே ஒரு கப்பலைக் காப்பாற்றி வைக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பணம் வந்தது, பல தடவை வந்தது. ஆசைப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கிடைக்காமல் போனது இடம். 990 அடி நீளமுள்ள ஒன்றைக் காலாகாலத்துக்கும் கட்டி வைக்க எந்த ஊரும் சொந்தமாக ஒரு துறையைக் கொடுக்க முன்வரவில்லை. கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்தது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், போக வேறு வீடு இல்லை. மீதிக் கதை எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நான் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சி பக்கம் பல வருஷம் இருந்தவன். அந்தக் கப்பலை முதலில் பார்த்தது புத்தக அலமாரி வாங்க ஐகியா கடைக்குப் போனபோது. தெற்கு ஃபிலடெல்ஃபியா ஐகியாவுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் 82-ஆம் எண் துறை. கடைக்குள் இருக்கும் உணவகத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு புகைபோக்கி, ஒவ்வொன்றும் ஒரு அடுக்குமாடி வீடு மாதிரி. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அடித்த பெயின்ட், வெயிலில் கிடந்த சினிமா சுவரொட்டி போல வெளுத்துச் சிவப்பு எல்லாம் ரோஸ் ஆகியிருந்தது. வேலி ஓரம் போய்ப் பார்த்தால் கறுப்பு உடம்பில் பெயின்ட் கையகலச் செதில்களாக உரிந்து தொங்கும், காற்றடித்தால் அது படபடப்பது தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதிப் பேருக்கு அது என்ன கப்பல் என்றே தெரியாது, ஏதோ பழைய கப்பல் என்று நினைத்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார்கள்.

அது என்ன கப்பல் என்றால், அட்லான்டிக் கடலை அதைவிட வேகமாகக் கடந்த லைனர், அதாவது கடல் தாண்டி வழக்கமான தடத்தில் ஓடும் பயணிகள் கப்பல், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1952 ஜூலை 3-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. இங்கிலாந்துப் பக்கம் பிஷப் ராக் கலங்கரை விளக்கத்தைத் தொட எடுத்துக்கொண்டது 3 நாள், 10 மணி, 40 நிமிஷம். சராசரி வேகம் 35.59 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). அதுவரை சாதனை குயின் மேரி என்ற இங்கிலாந்துக் கப்பலின் கையில் இருந்தது, 1938-இலிருந்து 14 வருஷமாக. அதைப் பத்து மணி நேர வித்தியாசத்தில் அடித்தது. திரும்பி வரும்போதும் சாதனை. அதற்கப்புறம் எந்தப் பயணிகள் லைனரும் அதை முறியடிக்கவில்லை. முறியடிக்க அவசியமும் வரவில்லை, ஜெட் விமானம் வந்துவிட்டது.

இதைச் செய்த மனிதர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். படித்தது சட்டம், கப்பல் கட்டும் கலையை அவராகவே கற்றுக்கொண்டவர். பெரிய வேகக் கப்பல் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு இளமையிலிருந்தே இருந்த கிறுக்கு, அது நிறைவேறும்போது வயது 65. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவ்வளவு பெரிய கப்பலுக்குச் செலவு ஏறத்தாழ 7.8 கோடி டாலர் என்றால், அதில் பெரும்பகுதியை அமெரிக்க அரசு கொடுத்தது. காரணம், போர் வந்தால் ஒரே நடையில் சுமார் 14,000 படைவீரர்களை ஏற்றிக்கொண்டு எங்கும் எரிபொருள் நிரப்ப நிற்காமல் ஓடக்கூடிய கப்பல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதாவது வெளியே சொகுசுக் கப்பல், உள்ளே ராணுவச் சொத்து. அதனால் கப்பலின் அடிப்பகுதி வடிவம், இயந்திர சக்தி எல்லாம் வருஷக்கணக்கில் ரகசியம். சோதனை ஓட்டத்தில் அது 38 நாட் வேகத்தைத் தாண்டியது என்ற உண்மையையே பின்னால்தான் வெளியே விட்டார்கள், அதற்குள் 43 நாட் ஓடியது என்று ஊரெல்லாம் கதை கட்டி முடித்திருந்தார்கள்.

கிப்ஸுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு: தீ. கப்பலில் மரமே கூடாது என்பது அவர் சட்டம். நாற்காலி, மேஜை, கட்டில், அலங்காரம் எல்லாம் அலுமினியம், கண்ணாடி, தீப்பிடிக்காத துணி. மேற்கட்டுமானமும் அலுமினியம்தான், எடை குறைந்தால் வேகம் கூடும். மரம் என்று அனுமதித்தது சமையலறையில் கறி வெட்டும் கட்டையும் பியானோவும் மட்டும். பியானோவையும் அலுமினியத்தில் செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், ஸ்டெயின்வே கம்பெனி மறுத்துவிட்டது என்பார்கள். இந்த விஷயத்தை நான் சும்மா சுவாரஸ்யத்துக்குச் சொல்லவில்லை, கப்பலின் பிற்காலத்தைத் தீர்மானித்ததே இதுதான். தீப்பிடிக்காத தடுப்புச் சுவர் என்றால் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், அதன் தூசு நுரையீரலுக்கு விஷம். கப்பல் முழுக்க, அறைக்கு அறை, ஆஸ்பெஸ்டாஸ். நல்லது நினைத்துச் செய்தது நாற்பது வருஷம் கழித்து வினையாக வந்து நின்றது.

1969 நவம்பரில் வருடாந்தரப் பராமரிப்புக்காக, தான் பிறந்த இடமான வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்துக்குப் போன கப்பல், அப்படியே நிறுத்தப்பட்டது. மறுபடி பயணிகளை ஏற்றவே இல்லை. மொத்தம் ஓடியது 17 வருஷம். அதுவரை அதில் போய் வந்தவர்கள் பட்டியலில் அதிபர் ட்ரூமன், மர்லின் மன்றோ, சால்வடோர் டாலி எல்லாரும் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போன பில் கிளின்டன் என்ற மாணவனும் உண்டு. மோனாலிசா ஓவியத்தை 1963-இல் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குத் திருப்பிக் கொண்டுபோனதும் இதே கப்பல்தான். வரும்போது ஓவியம் வந்தது 'ஃபிரான்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில். அந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன், நம் ஊர்ச் சம்பந்தம் அதில் இருக்கிறது.

நிறுத்திய பிறகு வந்த 40 வருஷத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், கை மாறிய கதை. 1973-இல் அரசு வாங்கியது. 1978-இல் ரிச்சர்ட் ஹாட்லி என்பவர் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, கடலில் மிதக்கும் அடுக்குமாடி வீடுகளாக விற்கப் போகிறேன் என்றார். நடக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 1984-இல் உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் ஏலம் விட்டார்: தட்டு, கரண்டி, கட்டில், நாற்காலி, சுவர் அலங்காரம், சகலமும். 1992-இல் கப்பலே ஏலத்துக்கு வந்து 26 லட்சம் டாலருக்குப் போய், துருக்கிக்கு இழுத்துப் போகப்பட்டு, ஆஸ்பெஸ்டாஸை அங்கே எடுக்க முடியாமல், கருங்கடல் கரையில் உள்ள செவஸ்டோபோல் வரை போய், அங்கே 1993-94-இல் அறைச் சுவர்கள் முழுவதையும் பிய்த்து எடுத்துவிட்டார்கள். உயிர்காப்புப் படகுகளும் அத்தோடு போயின. 1996-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே ராஜா, உள்ளே காலி டப்பா. தளம் தளமாகத் தரை இருக்கும், தூண் இருக்கும், சுவர் இருக்காது.

கப்பலைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு இந்த ஏலமும் ஆஸ்பெஸ்டாஸ் வேலையும் எவ்வளவு பெரிய அடி என்பது பலருக்குப் புரிவதில்லை. குயின் மேரியைப் பாருங்கள். 1967-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகராட்சி அதை 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஊரே வாங்கியது, ஊரே இடம் கொடுத்தது. உள்ளே மர வேலைப்பாடு, உணவுக்கூடம், அறைகள் எல்லாம் இருந்தன, டிக்கெட் போட்டு ஆள் விடலாம், ராத்திரி தங்க வைக்கலாம். அதற்கே நகராட்சி அரை நூற்றாண்டாக அவதிப்படுகிறது, குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள், பராமரிப்புக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். நெதர்லாந்தில் ரோட்டர்டாம் கப்பலை அதே பெயர் கொண்ட ஊரில் கொண்டுவந்து ஹோட்டல் ஆக்கியதும் இப்படித்தான்: போட்ட பட்ஜெட் பல மடங்கு எகிறி, வாங்கிய வீட்டுவசதி நிறுவனம் கையைச் சுட்டுக்கொண்டது. ஆனாலும் இரண்டு கப்பலும் இன்று நிற்கின்றன, ஏனென்றால் நிற்க இடம் இருக்கிறது. யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பலிடம் காட்ட அறையும் இல்லை, நிற்க இடமும் இல்லை. புகழ் மட்டும் இருந்தது. புகழைக் காட்டி வாடகை கட்ட முடியாதே.

சரி, காப்பாற்றும் முயற்சிக்கு வருவோம். 1999-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள். பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால் உடைக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. தனியார் சொத்து என்றால் உரிமையாளர் விருப்பம். மரியாதைப் பட்டம் மாதிரி, சோறு போடாது. 2003-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் வாங்கியது, மறுபடி ஓட்டுவோம் என்றது, ஆராய்ச்சி எல்லாம் செய்தது, பிறகு 2009-இல் விற்கத் தீர்மானித்தது. வாங்க ஸ்கிராப் வியாபாரிகள் தயாராக நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கன்சர்வன்சி என்ற அமைப்பு பெரிதாக எழுந்தது. அதை நடத்தியவர் சூசன் கிப்ஸ், கப்பலை வடிவமைத்த கிப்ஸின் பேத்தி. தாத்தா இறந்தபோது குழந்தையாக இருந்தவர், அவர் கட்டிய கப்பலைப் பற்றிப் பெரியவரான பிறகுதான் விவரமாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். 2010-இல் ஃபிலடெல்ஃபியா பெரும் கொடையாளர் ஜெரி லென்ஃபெஸ்ட் 58 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். ஸ்கிராப் வியாபாரிகள் அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்தும், 30 லட்சம் டாலருக்குக் கப்பல் கன்சர்வன்சிக்கு வந்தது, 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி உரிமை மாறியது. எல்லாரும் கப்பல் தப்பித்துவிட்டது என்று கொண்டாடினார்கள். நானும்தான்.

இங்கேதான் கணக்கு ஆரம்பம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். துறை வாடகை, காப்பீடு, காவல், சின்னச் சின்னப் பழுது என்று கப்பல் சும்மா நிற்பதற்கே மாதம் சுமார் 60,000 டாலர் ஆனது. பெயின்ட் அடிப்பது இதில் இல்லை. ஒரு தொண்டு அமைப்புக்கு ஒரு தடவை பெரிய நன்கொடை வாங்குவது கஷ்டம் இல்லை, மக்கள் கொடுப்பார்கள். ஆனால் மாதா மாதம், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு, துருவும் நிற்காத ஒரு பொருளுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்களா? 2015 அக்டோபரில் கன்சர்வன்சியே 'இனி முடியாது, உடைப்பவர்களிடம் விலை கேட்கப் போகிறோம்' என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அறிவித்த சில வாரத்தில் 6 லட்சம் டாலர் நன்கொடை வந்தது. மறுபடி கொஞ்ச நாள் மூச்சு.

2016 பிப்ரவரியில் கிரிஸ்டல் குரூஸ் நிறுவனம் வந்தது. 70 கோடி டாலர் போட்டு மறுபடி கடலில் ஓட்டுவோம் என்றது. அந்த ஆறு மாதம் கப்பல் பைத்தியங்கள் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பொறியாளர்கள் உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். கட்டுமானம் இன்னும் திடமாகத்தான் இருக்கிறது என்றார்கள், ஐம்பதுகளின் எஃகு அப்படி. ஆனால் இன்றைய சர்வதேசப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றால் உடம்பில் ஏறத்தாழ கால்வாசியை வெட்டித் திருத்த வேண்டும், பழைய நீராவி டர்பைனைத் தூக்கிவிட்டு இன்றைய இயந்திரம் வைத்தால் பின்பக்க அமைப்பே மாறும் என்று தெரிந்தது. ஆகஸ்டில் கைவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், மறுபடி ஓட்டுவது என்ற கனவை அன்றே எல்லாரும் மனதிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். அதில் போன காலத்தை ஒரு நிரந்தர இடம் தேடுவதில் செலவழித்திருந்தால் ஒருவேளை கதை வேறு.

2018 டிசம்பரிலிருந்து ஆர்.எக்ஸ்.ஆர் என்ற நியூயார்க் ரியல் எஸ்டேட் நிறுவனத்தோடு சேர்ந்து திட்டம் போட்டார்கள். கப்பலை ஓட்ட வேண்டாம், கரையோரம் நிறுத்தி ஹோட்டல், நிகழ்ச்சி அரங்கு, அருங்காட்சியகம். புத்திசாலித்தனமான திட்டம், வெறுமையான உட்புறமே அதற்கு வசதி. ஆனால் எந்த ஊர்க் கரையில்? நியூயார்க் உட்படப் பல ஊர்களிடம் பேசினார்கள். எல்லாரும் படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள், துறையை மட்டும் யாரும் தரவில்லை. நடுவில் கொரோனா வந்து ஹோட்டல் தொழிலே படுத்தது.

முடிவைக் கொண்டுவந்தது ஒரு சாதாரண வாடகைத் தகராறு. 2021-இல் துறையை நடத்தும் நிறுவனம் வாடகையை நாளொன்றுக்கு 850 டாலரிலிருந்து 1,700 டாலர் ஆக்கியது, ஒரேயடியாக இரட்டிப்பு. கன்சர்வன்சி ஒப்புக்கொள்ளவில்லை, விஷயம் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூன் 14-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: ஏற்றிய வாடகையைக் கட்டத் தேவையில்லை, ஆனால் செப்டம்பர் 12-க்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வழக்கில் ஜெயித்தும் வீட்டை இழந்தார்கள். தொண்ணூறு நாளில் வேறு துறை தேடுங்கள் என்றால், அந்த நீளத்துக்கும் ஆழத்துக்கும் இடம் உள்ள துறை கிழக்குக் கரையிலேயே சொற்பம், இருக்கிற துறைகளில் கன்டெய்னர் கப்பல்கள் வந்து காசு கொடுக்கின்றன. துறைக்காரர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: கால் நூற்றாண்டாக நகராத ஒரு கப்பலால் துறையில் வேறு தொழில் செய்ய முடியவில்லை என்றால் அவருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

இனி இரண்டே வழி. ஒன்று காயலாங்கடை. இன்னொன்று, ஃபுளோரிடாவின் ஒகலூசா கவுன்ட்டி (நம் மாவட்ட நிர்வாகம் மாதிரி) நீட்டிய கை. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி அவர்கள் 10 லட்சம் டாலருக்கு வாங்க முடிவு செய்தார்கள். இழுத்துப் போவது, சுத்தம் செய்வது, கரையில் அருங்காட்சியகத்துக்கு உதவுவது என்று மொத்தத் திட்டம் ஏறத்தாழ ஒரு கோடி டாலர். டெஸ்டின் கடற்கரைக்கு வெளியே மூழ்கடித்து உலகத்திலேயே பெரிய செயற்கைப் பவளத்திட்டு ஆக்குவது, முக்குளிப்பவர்களும் மீன்பிடிப்பவர்களும் வருவார்கள், ஊருக்கு வருமானம். இது புது யோசனை இல்லை, பக்கத்திலேயே பென்சகோலாவுக்கு அப்பால் 2006-இல் ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலை இப்படி மூழ்கடித்து நல்ல காசு பார்த்தார்கள்.

இதைக் காப்பாற்றுவது என்று சொல்லலாமா? கன்சர்வன்சி அப்படித்தான் சொல்கிறது. எதிர்த்தவர்கள் நியூயார்க்கில் தனியாகத் திரண்டு நீதிமன்றம் வரை போனார்கள், துரோகம் என்றார்கள். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் இல்லை. ஆனால் கடலடியில் கிடப்பதைக் 'காப்பாற்றப்பட்டது' என்று அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. உடைத்து உருக்குவதைவிட மேல், அவ்வளவுதான். உடைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மோனாலிசாவைக் கொண்டுவந்த அந்த ஃபிரான்ஸ் கப்பலே சாட்சி. பின்னால் 'நார்வே' என்று பெயர் மாறி உல்லாசக் கப்பலாக ஓடி, 2003-இல் மயாமியில் பாய்லர் வெடித்து 8 பேர் இறந்து, கடைசியில் 2006-இல் குஜராத்தின் அலங் கரையில் கொண்டுவந்து ஏற்றினார்கள். உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸுக்காக இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2008 முடிவதற்குள் தொழிலாளிகள் கேஸ் கட்டர் வைத்து அறுத்து முடித்தார்கள்.

நம்மவர்கள் பாடு இன்னும் மோசம். சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் நடுவே லட்சக்கணக்கான தமிழர்களை ஏற்றி இறக்கிய ரஜுலா எழுபதுகளில் பம்பாயில் உடைபட்டது. அதே தடத்தில் ஓடிய சிதம்பரம் 1984-இல் தீப்பிடித்து, அப்புறம் அதுவும் உடைக்கிற யார்டுக்குப் போனது. எங்கள் வீட்டில் ரஜுலாவில் போய் வந்த தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று வெகுநாள் இருந்தது, கப்பல் லேபிள் பாதி கிழிந்து ஒட்டியிருக்கும், ஒருநாள் அம்மா அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார். அதனால் அமெரிக்காக்காரனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான்.

கப்பல் ஃபிலடெல்ஃபியாவை விட்டுக் கிளம்பியது 2025 பிப்ரவரி 19. அதற்கு முன் கடலோரக் காவல் படை கப்பலின் நிலைத்தன்மையில் சந்தேகப்பட்டுச் சோதனை கேட்டது, காற்று ஒத்துழைக்கவில்லை, மூன்று மாதம் தள்ளிப்போனது. நீர்மட்டம் இறங்கிய நேரம் பார்த்து, வால்ட் விட்மன் பாலத்துக்கு அடியில் இழுவைப் படகுகள் மெல்ல நகர்த்தின, பாலத்தின் அடிக்கும் புகைபோக்கி உச்சிக்கும் நடுவே அதிக இடைவெளி இல்லை. சொந்த இயந்திரம் சத்தம் போடாமல், உலகத்தின் வேகமான லைனர் நடை வேகத்தில் டெலவேர் ஆற்றில் இறங்கிப் போனது. கரையில் நின்றவர்களில் ஐம்பதுகளில் அதில் பயணம் செய்தவர்களும் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். மார்ச் 3-ஆம் தேதி அலபாமாவின் மொபைல் துறைமுகம் சேர்ந்தது. அங்கே வயர், பெயின்ட், எண்ணெய், பிளாஸ்டிக் என்று கடலுக்கு ஆகாத எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதும், உடம்பில் ஓட்டை போட்டு நீர் புக வழி செய்வதும் வேலை.

நேரில் பார்க்க ஆசை என்றால் வழி இருக்கிறது. கப்பலின் புரொபெல்லர்களில் ஒன்று நியூபோர்ட் நியூஸ் மரைனர்ஸ் மியூசியத்தில் நிற்கிறது, அதன் இதழ் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று தெரியும். புகைபோக்கிகளைக் கழற்றி ஃபுளோரிடாவில் அமையப்போகும் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்வது திட்டம். கப்பலையே தொட வேண்டும் என்றால் முக்குளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். திட்டமிட்ட இடத்தில் கடலின் ஆழம் சுமார் 180 அடி, ஆனால் கப்பலின் மேல்தளம் சுமார் 55 அடியிலேயே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலை முக்குளிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இறங்கலாம் என்கிற எல்லை 60 அடி. ஐந்து அடி மிச்சம் வைத்துத் தொட்டுவிடலாம்.